தோற்பதற்குக் கூலி

சிவகாசி அச்சாபீஸ்களில் சாமி படம் அடிப்பார்கள், காலண்டர் அடிப்பார்கள், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிப்பார்கள். காலண்டர் சீசன் ஓய்ந்துவிட்டால் கையில் கிடைத்ததை அடிப்பார்கள். 1994 தை மாசத்தில் நான் கூலிக்கு இருந்த அச்சாபீஸில் குஸ்திக்காரச் சீட்டு அடித்தார்கள். அமெரிக்காக்காரன் டிவியில் காட்டுகிற குஸ்தி. டபிள்யூ டபிள்யூ எஃப் என்று அப்போது பொடிப்பயல்கள் வாயில் எந்நேரமும் அதே பேச்சு. எனக்குப் பதினாலு வயசு. எட்டாவதோடு நின்றிருந்தேன். அதுக்கு முந்தி லீவு நாளிலெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய கை என்பதால் விரல் ஓடும். பெரிய அட்டையாக அச்சாகி, கட்டிங் மிஷினில் வெட்டுப்பட்டு வருகிற சீட்டுகளைச் செட்டுச் செட்டாகச் சேர்த்து ரப்பர் மாட்டிப் போடணும். செட்டுக் கணக்கில்தான் கூலி. படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் கூலி குறையும். இருந்தாலும் பார்ப்போம்.

ஒவ்வொரு சீட்டிலும் ஒரு குஸ்திக்காரன். கீழே அவன் ரேங்க், உயரம், எடை, நெஞ்சளவு, புஜம், ஆடின சண்டை எத்தனை, ஜெயித்த சண்டை எத்தனை என்று போட்டிருக்கும். பிள்ளைகள் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, எந்த நம்பர் பெரிசோ அதைச் சொல்லி அடுத்தவன் சீட்டைப் பிடுங்குவார்கள். ரேங்க் கடைசியில் இருக்கிறவன் யார் கைக்கு வந்தாலும் அவனுக்கு மூஞ்சி தொங்கிப்போகும்.

அதில் ஒரு சீட்டு கமலா. எங்கள் தெருவில் கமலா என்று மூணு பேர் இருந்தார்கள். சீட்டுக் கமலாவோ ஆம்பளை. மலைமாதிரி கறுத்த உடம்பு, மூஞ்சியிலும் வயித்திலும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிவரியாய்ப் பூச்சு, இடுப்பில் புலித்தோல் மாதிரி ஒரு துண்டு, காலில் செருப்புக் கிடையாது. ஊர் உகாண்டா. எங்க வரிசையில் உட்கார்ந்து அடுக்கின அக்கா ஒருத்தி பேரும் கமலா. "ஏளா கமலா, ஒன் படத்த அடிச்சிருக்காகடி" என்று ஆளாளுக்குச் சிரித்தோம். அந்த அக்கா சிரிக்கவில்லை. "நான் என்னத்துக்கு இம்புட்டுக் கருப்பா இருக்கேன்" என்று அன்னைக்கு முழுசும் முறைத்துக்கொண்டே அடுக்கியது.

அந்தக் கமலா உகாண்டாக்காரர் இல்லை என்பது எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் பெயர் ஜேம்ஸ் ஹாரிஸ். 1950-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் செனட்டோபியா என்ற ஊரில் பிறந்தவர். பரம்பரையாக அடுத்தவன் காட்டில் வாரத்துக்குப் பாடுபட்ட குடும்பம். அந்த மண்ணின் கதை நமக்குப் புதுசு இல்லை. நிலம் வெள்ளைக்காரனுடையது, வித்தும் கடனும் அவனுடையது, பருத்தி எடுத்து முடித்துக் கணக்குப் பார்த்தால் கறுப்பன் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஜேம்ஸ் ஹாரிஸ் சின்ன வயசிலேயே காட்டு வேலை பார்த்தார், லாரி ஓட்டினார். நல்ல உயரம், நல்ல பலம். குஸ்திக்குப் போனார். 1982-இல் மெம்பிஸ் ஊர்க் குஸ்தி நடத்துகிறவர்கள் அவருக்கு ஒரு வேசம் கட்டினார்கள். ஆப்பிரிக்கக் காட்டுவாசி, மனுசக்கறி தின்னுகிறவன். இங்கிலீஷில் பிறந்து வளர்ந்த மனுசன் வாய் திறந்து ஒரு சொல் பேசக்கூடாது. உறுமலாம், வயித்தில் தட்டிக்கொள்ளலாம். அவரைக் கூட்டிக்கொண்டு வர, வேட்டைக்காரத் துரை மாதிரி தொப்பியும் முகமூடியும் போட்ட ஒருத்தன். வட்டி எடுக்கிற குரங்கைக் கயித்தில் பிடித்து வருவது மாதிரி அவரை மேடைக்குக் கூட்டி வருவான்.

1992 ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஏறக்குறைய எண்பதாயிரம் பேர் முன்னால் அண்டர்டேக்கரோடு ஆடினார். தோற்றார். அதே வருசம் நவம்பரில் திரும்பவும் ஆடவிட்டு, அவரைச் சவப்பெட்டியில் போட்டு மூடி ஆணியடிக்கிற மாதிரி ஒரு ஆட்டம் வைத்தார்கள். அதிலும் தோற்றார். தனக்குக் கொடுத்த காசு மற்றவர்களுக்குக் கொடுத்ததற்குப் பக்கத்தில்கூட வராது என்று பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சர்க்கரை வியாதி முற்றி 2011-இல் ஒரு காலையும் 2012-இல் இன்னொரு காலையும் எடுத்தார்கள். 2020 ஆகஸ்டில் கொரோனாவில் செத்துப்போனார்.

இந்தக் குஸ்தியில் ஜெயிப்பதும் தோற்பதும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது என்பது இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். குஸ்தி கம்பெனியில் 'புக்கர்' என்று ஒரு ஆள் இருப்பான். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து இன்றைக்கு யார் ஜெயிக்கணும், எத்தனை நிமிசத்தில் ஜெயிக்கணும், பட்டம் யாரிடம் எத்தனை மாசம் இருக்கணும் என்று எழுதுவது அவன். தோற்பதற்கென்றே கூலிக்கு வைத்திருக்கிற ஆளுக்கு 'ஜாபர்' என்று பேர். இவனுக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய ஆள் தூக்கி எறிந்தால் எலும்பு உடையாமல் விழணும். எறிந்தவன் பலசாலி என்று பார்க்கிறவன் நம்புகிற மாதிரியும் விழணும். தூக்குகிறவனுக்குப் பாரம் தெரியாமல் தானே எம்பிக் கொடுக்கணும். ஜெயிக்கிறவனைவிட தோற்கிறவனுக்குத்தான் வித்தை கூட வேணும். இதை ஒரு புத்தகத்திலும் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. எங்க சின்னையா சொன்னது.

சிவகாசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கேபிள் கனெக்சன் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பத்துப் பதினைந்து பேர் அந்த வீட்டு வாசலில் கூடிவிடுவோம். எங்க அய்யா வயசுக்காரர்கள் தாராசிங், கிங்காங் பேரைக் கேட்டு வளர்ந்தவர்கள். டிவியில் எந்தக் குண்டன் வந்தாலும் அவர்களுக்குக் கிங்காங்தான். ஒரு நாள் யாரோ பேர் தெரியாத ஒரு வெள்ளைக்காரனை ஒரு பெரிய குஸ்திக்காரன் போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம். சுவரோரம் பீடி குடித்துக்கொண்டிருந்த சின்னையா சொன்னார்:

"கூறுகெட்ட பயகளா, அவன் எங்கடா விழுந்தான்? விழுந்து குடுக்கிறான்."

"போங்க சின்னையா, ரத்தமே வருது."

"ரத்தம் வந்தா? அவன் கண்ணப் பாருடா. எறியுறதுக்கு முந்தியே விழப்போற எடத்தப் பாத்துக்கிட்டான். அடி வாங்குறவனுக்கு அதுக்கெல்லாம் நேரம் இருக்காது."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு வருசம் நான் பாத்த வேலடா அது."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எங்க அய்யா மட்டும் சிரிக்காமல் எழுந்து வெளியே போய்விட்டார். அதனால்தான் எனக்கு அது மனசில் நின்றது. ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்சம் சொன்னது. மிச்சத்தைச் சின்னையாவே பல வருசம் கழித்து, துண்டு துண்டாகச் சொன்னார்.

சின்னையா கபடிக்காரர். கம்மாய்க் கரையில் கரிசல் மண்ணில் ஆடிப் பழகினவர். பகலில் பட்டாசு ஆபீஸில் மருந்து செலுத்துகிற வேலை. அலுமினியப் பொடி ஒட்டி கை ரெண்டும் வெள்ளி முலாம் பூசினமாதிரி இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் ரேகையில் மிச்சம் நிற்கும். சாயந்தரம் அந்தக் கையோடயே களத்தில் இறங்குவார். அவர் தொட்டாரா தொடலையா என்று எந்த ஊரிலும் தகராறு வந்ததில்லை என்பார்கள். தொட்ட எடத்தில் பனியனில் வெள்ளி மினுங்குமாம். பாடிப் போனார் என்றால் மூச்சு அறுபடாது. மெலிந்த ஆள்தான், ஆனால் மூணு பேர் காலைக் கட்டினாலும் அவர்களை இழுத்துக்கொண்டே கோட்டைத் தொடுவார். சுத்துப்பட்டில் வெம்பக்கோட்டை, வத்திராயிருப்பு, சாத்தூர்ப் பக்கமெல்லாம் அவர் பேர் தெரியும். பேர் என்றால் பேர் இல்லை. "அந்த வெள்ளிக் கைக்காரப் பய" என்பதுதான் பேர்.

எங்க தெருப் பயல்கள் சேர்ந்து ஒரு டீம் வைத்திருந்தார்கள். பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் கபடி வைப்பார்கள். 1978-இல் எங்க தெரு டீம் ஊர்த் தெரு டீமை ஜெயித்துவிட்டது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊர் வழியாக வரமுடியவில்லை. கல்லு விழுந்தது. கம்மாய்க் கரையைச் சுத்தி இருட்டில் வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மறுநாள் களை எடுக்கப் போன பொம்பளைகளை ஒரு காட்டிலும் கூப்பிடவில்லை. ரெண்டு வாரம் இப்படி. கடைசியில் பெரியவர்கள் போய் நின்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். சின்னையா இதைச் சொல்லும்போது கோபமாகச் சொல்லமாட்டார். "அது தகரம்டா, மேல முலாம் பூசுனது" என்பார்.

அடுத்த வருசத்திலிருந்து ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி ஆள் வரும். அவர் வேலை பார்த்த ஆபீஸ் போர்மேனே வருவார். ஊருக்கும் முதலாளிக்கும் ஏதாவது பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும். பாதைக்கு எடம் வேணும், இல்லாவிட்டால் ஓட்டு வேணும். "இந்த வருசமும் கோப்பை ஊருக்குள்ளயே இருக்கட்டும்ப்பா. நீ ஆடு, ஆடாம இருந்தா கூட்டம் வராது. ஆனா கடைசியில பாத்துக்க." முப்பது ரூபாய் கையில் வைப்பார். அப்போது ஒரு வாரக் கூலியில் பாதிக்கு மேல். வாங்காமல் இருக்க முடியாது. வாங்காவிட்டால் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாது.

இதுதான் சின்னையா சொன்ன 'எட்டு வருசம் பாத்த வேலை'. அதை எப்படிச் செய்வார் என்று கேட்டேன். ஒரு தொழில்காரர் தன் தொழிலைச் சொல்லுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். முதல் பாதியில் நல்லா ஆடணும். நாலைந்து பேரைத் தொட்டு வந்துவிடணும். சனம் சீட்டியடிக்கணும். அப்பத்தான் கடைசியில் ஒன்னைப் பிடித்தவனுக்குப் பெருமை. ரெண்டாம் பாதியில் பிடிக்க வருகிறவன் கைக்குக் கணுக்கால் எட்டுகிற மாதிரி அரை அடி கூட உள்ளே போகணும். அவன் வேலை தெரியாத பயலாக இருந்தால் பிடித்த பிடி நழுவும். அப்போது நாமளே காலைக் கொடுத்து அவன் மேலேயே விழணும். இது எதுவும் நடக்காவிட்டால் கடைசி வழி மூச்சு. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் மூச்சை விட்டுவிடுவது. பார்க்கிறவனுக்குத் தெரியாது. நடுவருக்கு மட்டும் கேட்கும். "என்னமோ ஆயிரம் பேரு பாக்காகன்னு பேரு. நான் மூச்ச விட்டது எனக்கும் அந்த நடுவருக்கும் மட்டுந்தான் தெரியும்" என்றார்.

ஊர்ப் பொங்கல் ஆட்டம் போகட்டும். 1983-இல் நடந்ததுதான் அவர் வாழ்க்கையை முடித்தது. மாவட்ட அளவில் ஒரு போட்டி. அப்போது விருதுநகர் தனி மாவட்டம் ஆகவில்லை, ராமநாதபுரத்தோடு இருந்தது. 1985-இல்தான் பிரித்தார்கள். சுத்துப்பட்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு டீம் அனுப்பினார்கள். சின்னையாவைக் கூப்பிட்டார்கள். போனார். ஆடினார். அந்த மூணு நாளும் யாரும் அவரைத் தோற்கச் சொல்லவில்லை. அதனால் ஜெயித்தார்கள். சர்டிபிகேட் கொடுக்கும்போது பார்த்தால் இவர் பேர் இல்லை. இவருடைய பனியன் நம்பருக்கு நேராக வேறொரு பையன் பேர் எழுதியிருந்தது. அந்தப் பையன் மைதானத்துக்கே வரவில்லை. லிஸ்ட் எழுதி அனுப்பினபோதே அப்படித்தான் போயிருக்கிறது. இவர் மூணு நாளும் இன்னொருத்தன் பேரில் ஆடியிருக்கிறார். மைக்கில் கூப்பிட்ட பேர் யாருடையது என்று கேட்கக்கூட ஆட்ட மும்முரத்தில் தோன்றவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஆளும் எங்க பக்கத்திலிருந்து யாரும் கூடப் போகவில்லை.

அந்தப் பையன் விளையாட்டுக் கோட்டாவில் அரசாங்க வேலைக்குப் போனான். சின்னையா 2009 வரைக்கும் மருந்து செலுத்தினார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எங்க தெருவில் படித்த பையன்கள் சொல்வார்கள், "தெறமையெல்லாம் வீணாப் போச்சே" என்று. பத்திரிகைகளிலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். கண்டுகொள்ளப்படாத திறமை, வீணான திறமை என்று. எனக்கு இந்த 'வீண்' என்கிற சொல்லில் உடன்பாடு இல்லை. மழைத் தண்ணி கடலுக்குப் போனால் வீண். ஒருத்தன் காட்டுக்கு மடை திருப்பிக்கொண்டு போனால் அது எப்படி வீண் ஆகும்? சின்னையா விட்ட மூச்சில்தான் ஊர்த் தெரு எட்டு வருசம் வீரம் பேசியது. அவர் ஆடின ஆட்டத்தில் ஒருத்தன் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறான். எதுவும் சிந்தவில்லை. எல்லாம் ஒரு எடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அமெரிக்கக் குஸ்தியில் கறுப்பர்களுக்கு எழுதின எழுத்தைப் பார்த்தால் இது இன்னும் பச்சையாகத் தெரியும். மைக் ஜோன்ஸ் என்று ஒரு கறுப்பர். நல்ல கட்டுமஸ்தான உடம்பு. 1987-இல் அவருக்கு விர்ஜில் என்று பேர் வைத்து, கோடீஸ்வரன் வேசம் போட்ட டெட் டிபியாசிக்கு எடுபிடியாகப் போட்டார்கள். பெட்டி தூக்குவதும் காலைப் பிடித்துவிடுவதும் அவர் வேலை. மூணு வருசத்துக்கு மேல் இதுதான். பிறகு ஒரு நாள் முதலாளியைத் திருப்பி அடிக்கிற மாதிரி எழுதினார்கள். 1991 ஆகஸ்டில் முதலாளியின் பெல்ட்டை ஜெயிக்கவும் விட்டார்கள். சனம் எழுந்து நின்று கத்தியது. மூணு மாசத்தில் பெல்ட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடிமை எதிர்த்து நிற்பதையும் டிக்கெட் போட்டு விற்கத் தெரிந்தவர்கள். நின்றவனை நிற்கவிட மட்டும் மாட்டார்கள்.

பாபோ பிரேசில் என்று அதற்கு முந்தின தலைமுறைக்காரர் ஒருத்தர், நிசப் பேர் ஹூஸ்டன் ஹாரிஸ். அவருடைய பேர்போன அடி தலையால் முட்டுவது. அவர் மட்டுமில்லை, கறுப்புக் குஸ்திக்காரர் பல பேருக்கு இதே அடியைத்தான் கொடுத்தார்கள். கறுப்பனுக்கு மண்டை கெட்டி, வலிக்காது என்பது வெள்ளைக்காரன் நம்பிக்கை. வெயிலில் நிற்கச் சொல்லும்போது "ஒங்களுக்கு ஒடம்பு தாங்கும்லே" என்று நம்மிடம் சொல்லுகிறார்களே, அதேதான். 1972-இல் பம்பாயில் தலித் பாந்தர் என்று பேர் வைத்ததே அமெரிக்கக் கறுப்பர்களைப் பார்த்துத்தான். போராட்டத்தில் மட்டுமில்லை, வாங்கின அடியிலும் சொந்தம் இருக்கிறது.

ரான் சிம்மன்ஸ் 1992 ஆகஸ்ட் 2-ஆம் தேதி பால்டிமோரில் வேடரை ஜெயித்து டபிள்யூ சி டபிள்யூ கம்பெனியின் உலகப் பட்டம் வாங்கினார். அந்தப் பட்டத்தை வாங்கின முதல் கறுப்பர். கூட்டத்தில் அழுதவர்கள் உண்டு. முடிவு எழுதி வைத்ததுதான் என்று அவர்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் அழுதார்கள் என்றால், எழுதுகிறவன் கை நம்ம பேரை எழுதிவிட்டதே என்பதற்காகத்தான் இருக்கும். அந்த டிசம்பர் முடிவதற்குள் பட்டம் திரும்பவும் வேடர் கைக்குப் போய்விட்டது. 1996-இல் அவர் டபிள்யூ டபிள்யூ எஃப்புக்கு வந்தபோது பேரை ஃபாரூக் என்று மாத்தி, தலையில் நீலக் கலரில் ஒரு ரோமாபுரி அடிமைக் குல்லாவை மாட்டிவிட்டார்கள். இன்னும் பக்கத்தில் வந்தால், கானாவில் பிறந்த கோஃபி கிங்ஸ்டன். பதினோரு வருசம் காத்திருந்து 2019 ஏப்ரலில் பட்டம் வாங்கினார். அக்டோபரில் பிராக் லெஸ்னர் வந்து பத்து வினாடிக்குள் அவரைக் கீழே போட்டுப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். பத்து வினாடியில் தோற்பது எப்படி என்று சின்னையாவைக் கேட்டால் சொல்லுவார். அது ரொம்பக் கஷ்டம். நல்லா ஆடுகிறவன் பத்து வினாடியில் தோற்றால், அவன் அதுக்கு முந்தி ஜெயித்ததையும் சனம் சந்தேகப்படும்.

காசு விசயத்துக்கு வருகிறேன். 1989-இல் வின்ஸ் மக்மான் கம்பெனிக்காரர்களே நியூஜெர்சி மாநிலச் சட்டசபைக்குப் போய், இது விளையாட்டே இல்லை, வெறும் கேளிக்கை என்று ஒத்துக்கொண்டார்கள். ஏதோ மனசாட்சி உறுத்திச் சொன்னதில்லை. விளையாட்டு என்றால் வரி கட்டணும், அரசாங்கம் வைத்திருக்கிற விளையாட்டுக் கமிசனுக்குக் கட்டுப்படணும். கேளிக்கை என்று சொல்லிவிட்டால் அந்தத் தொந்தரவு கிடையாது. குஸ்திக்காரர்களையும் அவர்கள் வேலைக்காரர் என்று கணக்கில் வைப்பதில்லை. தனித்தனிக் காண்ட்ராக்ட்காரர் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். சங்கம் கிடையாது. ஜெஸ்ஸி வென்சுரா 1986-இல் சங்கம் சேர்க்கப் பார்த்தார், நடக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்க ஊர்க்காரன் யாராவது அமெரிக்காவுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தானா என்று. பட்டாசுத் தொழிலில் லைசென்ஸ் ஒருத்தர் பேரில் இருக்கும். ஷெட்டு ஷெட்டாகப் பிரித்து உள்குத்தகைக்கு விட்டிருப்பார்கள். வேலைக்கு ஆள் பிடிக்கிறது இன்னொருத்தர். விபத்து நடந்தால் செத்தவன் யாரிடம் வேலை பார்த்தான் என்பதே பெரிய விசாரணை ஆகிவிடும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். ரெண்டு சமயமும் இந்த உள்குத்தகைப் பேச்சு வந்தது. சின்னையா இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல் ஒரே வளாகத்தில் வேலை பார்த்தார். ரிஜிஸ்டரில் அவர் பேர் இருந்தது அதில் பாதி வருசம்கூட இருக்காது.

எல்லாரும் தோற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. தூத்துக்குடி மாவட்டம் மணத்தியிலிருந்து கணேசன் வந்தார். நம்ம சனம். 1994-இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கின இந்திய அணியில் ஆடினார். 1995-இல் அர்ஜுனா விருது. தென்மாவட்டங்களில் கொடியன்குளம் முதற்கொண்டு ஊர் ஊராக எரிந்துகொண்டிருந்த வருசம் அது. அவர் வாழ்க்கையை வைத்துத்தான் மாரி செல்வராஜ் 2025-இல் 'பைசன் காளமாடன்' எடுத்தார். படத்துக்குச் சின்னையாவைக் கூட்டிப் போனேன். இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். முடிந்து வெளியே வந்து, "நெசமாவே அவுக பேரு லிஸ்ட்ல இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றேன். "அப்பச் சரி" என்று வண்டியில் ஏறிக்கொண்டார்.

அர்ஜுனா வாங்கினவர் ஒருத்தர். அவரோடு அதே மண்ணில் ஆடினவர்கள் எத்தனையோ பேர். ஜெயித்தவர் ஒருத்தரைக் காட்டி, "பார், திறமை இருந்தால் வரலாம்" என்று மற்றவர்கள் வாயை அடைக்கிற வேலையும் நடக்கிறது. நம்ம ஆட்களே அதைச் செய்கிறார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை.

இப்போது கபடியும் குஸ்தி மாதிரி டிவிக்கு வந்துவிட்டது. முடிவை எழுதி வைத்து ஆடுகிறார்கள் என்று சொல்லவில்லை, அது நிச ஆட்டம். ஆனால் கம்பெனி, ஏலம், விளம்பரம் எல்லாம் வந்துவிட்டது. 2014-இல் புரோ கபடி தொடங்கியது, 2017-இல் தமிழ் தலைவாஸ் சேர்ந்தது. 2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்குக் கால் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். பாவம், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மண்ணில் ஆடின ஆட்டம் மெத்தைக்குப் போய்விட்டது. மெத்தையில் ஆட ஷூ வேணும். எங்க தெருவில் சின்னையா பேரன் உட்பட பதிமூணு பேர் ஆடுகிறார்கள். ஷூ ஏழு ஜோடி இருக்கிறது. அளவு ஒத்து வருகிறவர்கள் மாத்தி மாத்திப் போட்டுக்கொள்கிறார்கள். மெத்தை இருக்கிற எடத்துக்குப் போகணும் என்றால் பஸ் ஏறணும். ஞாயிற்றுக்கிழமை சின்னையா களத்துக்கு வருவார். எழுபதைத் தொட்டுவிட்டார், மூச்சு வாங்குகிறது, பேச ஆரம்பித்தால் இருமல். பாடிப் போவதைச் சொல்லித் தரமாட்டார். அதெல்லாம் பயல்களுக்குத் தன்னால வரும் என்பார். பிடியிலிருந்து விடுபடுவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுவார்.

போன வருசத்திலிருந்து போட்டிக்கு லிஸ்ட் எழுதுவது நான். ஆதார் கார்டை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுகிறேன். பேர், அப்பா பேர், பிறந்த தேதி, பனியன் நம்பர். ரெண்டு காப்பி. கொண்டுபோய்க் கொடுக்கிற எடத்தில் "காப்பி எதுக்கு சார், நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். இருக்கட்டும் என்று நின்றேன். கால் மணி நேரம் ஆனது, சீல் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். வைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சின்னையாவிடம் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பேரன் பேர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டார். ஆறாவது வரி என்றேன். விரலை வைத்து மேலேயிருந்து ஆறு எண்ணிப் பார்த்துக்கொண்டார்.